பழைய வாட்ச்சுக்கு மாற்றுக் கண்ணாடி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டு அலமாரியில் ஒரு எச்.எம்.டி. ஜனதாவோ பைலட்டோ, தாத்தா காலத்து ஃபேவர் லூபாவோ கிடந்தால் எடுத்துச் சாவி கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும். மிஷின் தாக்குப்பிடித்திருக்கும், கண்ணாடிதான் கீறி, மஞ்சளித்து, ஓரத்தில் வெடித்திருக்கும். "ஒரு கிளாஸ் போட்டுக் குடுங்க" என்று கடையில் கொடுத்துவிடுகிறோம். டப்பாவில் இருப்பதில் ஏறக்குறைய பொருந்துகிற ஒன்றைப் பசை தடவி ஒட்டித் தருகிறார்கள். அடுத்து வரும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. பழைய மாடலுக்குக் கம்பெனி கண்ணாடி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சந்தையில் பெரும்பாலும் இருப்பவை பொது அளவுக் கண்ணாடிகள். அதனால் எதைப் பொருத்துவது என்ற முடிவு உங்களிடமோ உங்கள் மெக்கானிக்கிடமோதான். அந்த முடிவைப் பழைய கண்ணாடியைப் பார்த்து எடுக்காதீர்கள், கேஸை, அதாவது மிஷினைச் சுற்றியுள்ள உலோக உடலைப் பார்த்து எடுங்கள். கேஸ் கண்ணாடியை எப்படிப் பிடிக்கிறது, முள்ளுக்கு மேலே எவ்வளவு இடம் விடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன்: கண்ணாடி எதைப் பிடித்து நிற்கிறது?

கண்ணில் மாட்டும் லென்ஸை வைத்துக் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

உள்பக்க ஓரத்தில் உலோக வளையம் எதுவும் தெரியாமல், குவிந்த பிளாஸ்டிக் நேராகக் கேஸுக்குள் இறங்கினால், அது நெருக்கிச் செருகிய அக்ரிலிக். கேஸின் உட்சுவரைச் சுற்றி ஓடும் பள்ளமான காடிக்குள் கண்ணாடியின் ஓரம் விரிந்து உட்கார்ந்திருக்கும். பல விரல் கொண்ட கிளாஸ் லிஃப்டர் சுற்றிப் பிடித்து நெருக்கும்போது கண்ணாடி சற்றே சுருங்கி வெளியே வரும். போடுவதும் அதே முறையில்தான்.

உள்ளே மஞ்சள் அல்லது வெள்ளி நிறத்தில் மெல்லிய வளையம் தெரிந்தால், அது ரிங் கண்ணாடி. அந்த வளையம் அக்ரிலிக்கை உள்ளிருந்து வெளியே தள்ளிக் கேஸோடு இறுக்குகிறது. லிஃப்டரால் இதை நெருக்க முடியாது, நெருக்கினால் விரிசல் விழும். மிஷினை எடுத்துவிட்டு உள்ளிருந்து தள்ளிக் கழற்ற வேண்டும்; போடும்போது பிரஸ் என்ற அழுத்துகருவி வைத்து மேலிருந்து அழுத்த வேண்டும்.

தட்டையான, தொட்டால் குளிர்கிற கண்ணாடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வாஷர் தெரிந்தால் அது மினரல் கிளாஸ், அதாவது பிளாஸ்டிக் அல்லாத நிஜக் கண்ணாடி. சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் வாங்கி வந்த சீக்கோ 5 இந்த வகையில் வரும். இதில் கண்ணாடியை மட்டும் அளந்தால் போதாது, வாஷரின் கனமும் கணக்கில் சேரும்.

வாஷரும் இல்லை, காடியும் இல்லை, வெறும் படி மட்டும் இருக்கிறது என்றால் அது ஒட்டுகிற வகை. சதுரம், செவ்வகம், பீப்பாய் வடிவ வாட்ச்சுகள் பெரும்பாலும் இப்படித்தான். இன்னொரு வகையில் கண்ணாடி கேஸின் கழுத்துக்கு மேல் குல்லாய் போல உட்கார, வெளியிலிருந்து பெசல் என்ற வளையம் அதை அழுத்திப் பிடிக்கும். பழைய ரோலெக்ஸ் ஆய்ஸ்டர்கள் இப்படி அமைந்தவை. அங்கே கண்ணாடியின் வெளி விட்டத்தைவிட உள் விட்டம்தான் முக்கியம்.

அக்ரிலிக்கா, கண்ணாடியா என்று சந்தேகம் வந்தால் பல்லில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அக்ரிலிக் மந்தமாக 'டொக்' என்னும். கண்ணாடி 'டிங்' என்று கணீரென்று கேட்கும்.

அறிகுறி: மேலெல்லாம் கீறல், வெயிலில் மணியே தெரியவில்லை

அக்ரிலிக் என்றால் மாற்றாதீர்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாத கீறல்கள் பாலிவாட்ச் போன்ற பசையிலோ, பித்தளை துலக்கும் பாலிஷிலோ போய்விடும். சுத்தமான பருத்தித் துணியில் பட்டாணி அளவு எடுத்து, நான்கைந்து நிமிடம் ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் போதும்.

நகம் மாட்டினால் பெசலைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவும். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்ததுபோல் வெளுக்கும், பயப்பட வேண்டாம். அடுத்து 2000 நம்பர், அதற்குப் பிறகு பசை. ஒரு நம்பரில் கிழக்கு மேற்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் வடக்கு தெற்காகத் தேயுங்கள். முந்தைய கோடுகள் முழுவதும் போய்விட்டனவா என்று அப்போதுதான் தெரியும். சுழலும் மோட்டார் பிரஷ்ஷை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில நொடிகளில் அக்ரிலிக் சூடாகி இளகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். அதைச் சரிசெய்யவே முடியாது.

மினரல் கிளாஸ் கீறினால் இந்தப் பசைகள் எதுவும் பயன்படாது. அதை மாற்றுவதே மேல்.

அறிகுறி: ஓரத்தில் மயிரிழை விரிசல்கள், சிலந்தி வலை போல

நேராகப் பார்த்தால் இவை தெரியாது. டியூப் லைட்டுக்குக் கீழே வாட்ச்சைச் சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக் கோடுகள் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரே நேரத்தில் மின்னும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மறைந்துவிடும். அவை மேலே விழுந்த கீறல்கள் அல்ல, அக்ரிலிக்குக்கு உள்ளேயே திறந்த வெடிப்புகள். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது. கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதற்கு முன் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் புதியதும் இப்படியே ஆகும். இறுகிப் பிடித்த அக்ரிலிக்கில் ஓரம் எப்போதும் இழுவையில் இருக்கும். அதன் மேல் ஸ்பிரிட், சென்ட், நகப்பாலிஷ் கழுவும் அசிட்டோன், டீட் கலந்த கொசு விரட்டிக் களிம்பு எது பட்டாலும் இழுவை உள்ள இடத்தில் வெடிப்பு விழும். கையெல்லாம் களிம்பு பூசிய பிறகு வாட்ச் கட்டுகிற பழக்கம் உள்ள வீடுகளில் இது சாதாரணம். புதிய கண்ணாடியைத் துடைக்க வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

அறிகுறி: கண்ணாடி தேன் நிறமாகிவிட்டது, முள்ளும் துருப்பிடித்திருக்கிறது

பழைய அக்ரிலிக் லேசாக மஞ்சளிப்பது இயல்பு. அதோடு நன்றாக ஓடுகிற வாட்ச்சை அப்படியே விட்டுவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் அக்ரிலிக் 1930-களில் சந்தைக்கு வருவதற்கு முன்பு உடையாத கண்ணாடி என்று போடப்பட்டது செல்லுலாய்ட். அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். கட்டை விரலால் சூடேறும் வரை நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பூஜை அறை வாசனை வந்தால் அது செல்லுலாய்ட்தான்.

இதை வைத்திருக்கவே கூடாது. சிதையும்போது அமிலத்தன்மையுள்ள வாயு வெளியேறி மூடிய கேஸுக்குள்ளேயே சுற்றும். நீலமிட்ட எஃகு முட்கள் துருப்பிடிக்கும், பித்தளையில் பச்சை படரும், டயலின் பூச்சு உரியும். வெளியே நல்ல நிலையில் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள், செல்லுலாய்ட் சட்டென்று தீப்பற்றும்.

இந்த வயதுள்ள வாட்ச்சில் இன்னொரு எச்சரிக்கை. 1960-களுக்கு முந்தைய ஒளிரும் எண்களிலும் முட்களிலும் ரேடியம் இருக்கக்கூடும். பூச்சின் ஒளி எப்போதோ செத்திருக்கும், கதிர்வீச்சு சாகவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். கண்ணாடியைக் கழற்றும்போது உதிர்ந்த பொடியை வாயால் ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியில் ஒற்றி எடுத்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். டயலில் இப்படிப்பட்ட பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தால் வீட்டில் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

அறிகுறி: புதிய கண்ணாடி சுற்றுகிறது, அல்லது இரண்டு நாளில் கழன்று விழுகிறது

அளவு சின்னது. பழைய கண்ணாடியை அளந்து அதே அளவில் வாங்கியிருப்பீர்கள். பல வருடம் நெருக்கத்தில் இருந்த அக்ரிலிக்கின் ஓரம் நசுங்கித் தேய்ந்திருக்கும். வெளியே எடுத்த பிறகு அது காட்டுகிற அளவு அதன் பிறந்த அளவு அல்ல. தவிரவும், அந்தக் கண்ணாடியே யாரோ இடையில் போட்ட தப்பான கண்ணாடியாக இருக்கலாம்.

கேஸை அளக்க வேண்டும். முதலில் காடியைச் சுத்தம் செய்யுங்கள். பல் குத்தும் குச்சியின் முனையை மழுக்கி, சோப்புத் தண்ணீரில் தோய்த்துக் காடி முழுக்க ஒரு சுற்று இழுத்தால், கறுப்பாகக் களிமண் மாதிரி ஒரு பொருள் திரண்டு வரும். வியர்வையும் தோல் அழுக்கும் பழைய பசையும் சேர்ந்த படிவு அது. அதை எடுக்காமல் அளந்தால் வெர்னியர் என்ற அளவுகருவி உங்களை ஏமாற்றிவிடும். டிஜிட்டல் வெர்னியரின் உள் தாடைகளை வைத்து மூன்று திசைகளில் அளங்கள்: 12-க்கும் 6-க்கும் இடையே, 2-க்கும் 8-க்கும் இடையே, 4-க்கும் 10-க்கும் இடையே. மூன்றும் 0.05 மி.மீ.-க்குள் ஒத்துப்போனால் கேஸ் வட்டமாக இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் எப்போதோ கீழே விழுந்து கேஸ் முட்டை வடிவமாகியிருக்கிறது. அதற்கு எந்த அளவுக் கண்ணாடியும் சரியாக நிற்காது. கேஸை முதலில் வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கண்ணாடிகள் 0.1 மி.மீ. படிகளில் விற்கப்படுகின்றன. உறை மேல் 305 என்றிருந்தால் 30.5 மி.மீ. நெருக்கிச் செருகும் அக்ரிலிக்குக்குத் திறப்பைவிட 0.1 முதல் 0.3 மி.மீ. வரை பெரிய அளவு வேண்டும். காடி ஆழமாக உள்நோக்கிக் குடைந்திருந்தால் பெரியதை நோக்கிப் போங்கள், நேர்ச்சுவராக இருந்தால் சின்னதை நோக்கி. ரிங் கண்ணாடிக்குத் திறப்பின் அளவேதான்; மிஞ்சினால் 0.1 கூடுதல். வாஷர் வைத்த மினரல் கிளாஸுக்குத் திறப்பின் விட்டத்திலிருந்து வாஷர் கனத்தின் இரண்டு மடங்கைக் கழித்துவிட்டு, நெருக்கத்துக்காகத் துளி கூட்டுங்கள். ஒட்டுகிற வகைக்குப் பசை ஓட இடம் வேண்டும் என்பதால் 0.1 குறைவு.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று வெப்பம். அக்ரிலிக் எஃகைவிடப் பல மடங்கு விரியும். 30 மி.மீ. கண்ணாடி 20 டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 0.04 மி.மீ. மாறும். சித்திரை மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே அளந்த கண்ணாடியும் ஏ.சி. அறையில் அளந்த கேஸும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. இரண்டையும் ஒரே மேசையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளங்கள்.

சுற்றுகிற கண்ணாடியைப் பசை வைத்து நிறுத்தாதீர்கள். ஒரு அளவு மேலே போங்கள்.

அறிகுறி: நன்றாகத்தான் உட்கார்ந்தது, சில நாளில் தானாகவே விரிசல்

இது எதிர்ப்பக்கத் தவறு, அளவு பெரிது. ஓரத்திலிருந்து ஆரக்கால் போல விரிசல் கிளம்பியிருந்தால், அதுவும் ரிங் கண்ணாடியில், சந்தேகமே வேண்டாம். உள்ளே வளையம் வெளியே தள்ளுகிறது, வெளியே கேஸ் உள்ளே தள்ளுகிறது; நடுவில் அக்ரிலிக் எவ்வளவுதான் தாங்கும்? ஒரு அளவு குறையுங்கள்.

நடுவிலிருந்து நட்சத்திரம் போல வெடித்திருந்தால் அளவு காரணமல்ல, பிரஸ்ஸில் வைத்த அச்சுதான் காரணம். அச்சு கண்ணாடியின் குவிந்த உச்சியைத் தொடவே கூடாது. ஓரத்துத் தோளில் மட்டும் சமமாக அழுத்த வேண்டும். குழிவான அச்சு இல்லாதவர்கள் ரிங் கண்ணாடியை வீட்டில் போட முயல வேண்டாம்.

அறிகுறி: கண்ணாடி மாற்றிய நாளிலிருந்து வாட்ச் நிற்கிறது

"கண்ணாடிதான போட்டோம், மிஷினத் தொடவே இல்லையே" என்று கடையில் சொல்வார்கள். உண்மையாகவே மிஷினில் தவறு இருக்காது. கண்ணாடியின் உயரம் போதவில்லை. விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் எல்லாரும் இங்கே வந்து மாட்டுகிறார்கள்.

சோதனை எளிது. கண்ணாடியைக் கழற்றி, தூசி விழாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து ஒரு நாள் ஓட விடுங்கள். கழற்றினால் ஓடுகிறது, போட்டால் நிற்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். கழற்றிய கண்ணாடியின் உட்புறத்தை லென்ஸில் பாருங்கள். மையத்தில் புள்ளி அளவில் தேய்ந்த பளபளப்பு இருந்தால் செகண்ட் முள்ளின் குமிழ் உரசியிருக்கிறது. மையத்தைச் சுற்றி முடி போன்ற வட்டக் கோடு ஓடினால் முள்ளின் ஏதோ ஓரிடம் தொட்டிருக்கிறது.

புதிய கண்ணாடிக்குப் போகும் முன் செகண்ட் முள் முழுமையாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வீஸ் முடித்து மாட்டும்போது அது துளி உயரமாக நின்றிருந்தால் கண்ணாடி மேல் பழி வரும்.

இப்போது உயரத்தை அளங்கள். வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியைக் கேஸ் விளிம்பில் நிறுத்தி, விளிம்பிலிருந்து டயல் வரை எவ்வளவு, செகண்ட் முள்ளின் உச்சி வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பி முள்ளைத் தொடாமல் பக்கவாட்டில் இறக்கிக் கண்ணால் மட்டம் பார்ப்பது நல்லது. முள்ளின் உச்சி விளிம்புக்கு மேலேயே நின்றால் தட்டைக் கண்ணாடி உங்களுக்கு இல்லை. உயரக் குவிவு உள்ளதுதான் வேண்டும். உச்சிக்கும் கண்ணாடியின் உட்புறத்துக்கும் நடுவே குறைந்தது கால் மி.மீ. இடைவெளியாவது நிற்கட்டும். அக்ரிலிக் வளையும் பொருள். சட்டைக் கைக்குள் அழுந்தினாலே உள்ளே இறங்கும். பொருத்திய பிறகு கட்டை விரலால் நடுவில் லேசாக அழுத்திப் பாருங்கள். செகண்ட் முள் நின்றால் இன்னும் உயரம் போதாது.

வாட்ச் ஒரு மணி நேரம் ஓடி, ஒரே இடத்தில் மட்டும் நின்றால் வேறு கதை. ரிங் கண்ணாடியின் வளையம் தடிமனாக இருந்து, பெரிய முள்ளின் நுனி அதில் முட்டுகிறது. வளையம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் முட்டும், மறு பக்கம் முட்டாது. டயலின் ஓரத்தில் உள்ள நிமிடக் கோடுகள் வளையத்துக்கு அடியில் மறைந்திருந்தால், இந்த வாட்ச்சுக்கு அந்த வளையம் பொருந்தவில்லை என்று முள் முட்டும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

அறிகுறி: உள்ளே ஆவி படிகிறது

கண்ணாடி மேல்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். ஈரம் நுழைய மூன்று வழிகள் உண்டு: கண்ணாடி ஓரம், பின்மூடி, சாவித் தண்டு. முதலில் உண்மையிலேயே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுச் சாதாரணத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால், உள்ளே ஈரம் இருந்தால் அந்த வட்டத்துக்கு நேர் கீழே ஆவி படிந்திருக்கும்.

எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடம் விடும். டயலின் ஓரத்தில், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் கறை தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் கண்ணாடி ஓரம் கசிகிறது. 3 மணிப் பக்கத்தில் கறை, மிஷினின் சாவித் தண்டில் துரு என்றால் குற்றவாளி சாவிதான். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

இந்த வயது வாட்ச்சைத் தண்ணீர் புகாததாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணாடி ஓரத்தைச் சுற்றிப் பசை பூசி அடைத்தால், பின்மூடியிலும் சாவியிலும் நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். கண்ணாடி சரியான அளவில் நெருங்கி உட்காரட்டும். மழையில் வாட்ச்சைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைப் புகை

துடைத்தால் ஓரத்தில் மட்டும் மிச்சமிருக்கும், டயலிலும் லேசாகப் படிந்திருக்கும். இது சூப்பர் க்ளூ. காயும்போது அது விடும் ஆவி பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். என் அப்பாவின் பைலட் ஒரு கடையிலிருந்து இப்படித்தான் திரும்பி வந்தது. கறுப்பு டயல் என்பதால் அந்தப் படலம் வெண்ணீறு தெளித்ததுபோல் தெரிந்தது. டயலின் எழுத்தை இழக்காமல் அதை முழுக்க எடுக்க முடியவில்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

சூப்பர் க்ளூ அக்ரிலிக்கையே வெடிக்க வைக்கவும் செய்யும். ஒட்ட வேண்டிய வகை என்றால் ஜி-எஸ் ஹைப்போ சிமென்ட், அல்லது புற ஊதா ஒளியில் காயும் பசை. ஊசி முனையில் எடுத்து, கண்ணாடியில் தடவாமல் கேஸின் படியில் ஒரு மெல்லிய கோடாக இடுங்கள். டயலும் மிஷினும் வெளியே இருக்கும்போது ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள். கொடுக்கும்போதே "சூப்பர் க்ளூ வேண்டாண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறிகுறி: அழுத்தி உட்கார வைத்த கண்ணாடி தானே எழும்பி வருகிறது

பின்மூடியே இல்லாத, ஒரே வார்ப்பான கேஸ்களில் இது நடக்கும். மிஷின் முன்பக்கமாகத்தான் வெளியே வரும், கண்ணாடியைக் கழற்றினால்தான் மிஷினைத் தொடவே முடியும். மற்ற எல்லா வழியும் மூடியிருக்கும்போது கண்ணாடியை அழுத்தினால், உள்ளே அகப்பட்ட காற்று அதை மேலே தள்ளும். சாவித் தண்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போடுங்கள், அந்தத் துளை வழியே காற்று போய்விடும். இவற்றில் பலவற்றுக்குத் தண்டு இரண்டு துண்டாக இருக்கும். வெளித்துண்டு இழுத்தால் வரும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் பழைய வாட்ச் மாதிரி இல்லை

இதைக் குறை என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். எனக்கு இதுதான் முக்கியமான குறை. ஜனதாவின் குவிந்த அக்ரிலிக்கில் ஒளி ஓரத்தில் வளைந்து, சாய்த்துப் பார்த்தால் எண்கள் மெல்ல நீண்டு வரும். அதைக் கழற்றிவிட்டுத் தட்டை மினரல் போட்டால் டயல் அப்படியே இருக்க, முகம் செத்துப்போகும்.

"மினரல் போடுங்க சார், கீறல் விழாது" என்பது பாதி உண்மை. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் மினரல் கிளாஸின் கடினம் 5-க்கும் 6-க்கும் நடுவில். நம் தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. ஆகவே மினரலும் கீறும், மெதுவாகக் கீறும்; கீறியபின் வீட்டில் தேய்த்துப் போக்க முடியாது. செயற்கை நீலக்கல்லான சஃபையர் 9. அதை மணல் கீறாது. ஆனால் அக்ரிலிக்குக்காக வெட்டிய காடியில் வளையாத சஃபையரை நெருக்கிச் செருக முடியாது. கேஸைக் குடைந்தோ, பசையில் நிறுத்தியோதான் வைக்க வேண்டும். எந்தக் கண்ணாடிக்காகவும் பழைய கேஸைக் குடையச் சம்மதிக்காதீர்கள், அது திரும்ப வராது.

அக்ரிலிக்கை மலிவுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1965-இல் நாசா தேர்ந்தெடுத்து, 1969-இல் நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அக்ரிலிக்தான். ஒமேகா அதை ஹெசலைட் என்று அழைக்கிறது. உடைந்தாலும் அது தூளாகச் சிதறாது. கம்பெனிக் கண்ணாடியின் மையத்தில் லென்ஸில் மட்டுமே தெரிகிற மிகச் சின்ன ஒமேகா சின்னம் இருக்கும். பழைய ஒமேகா உங்களிடம் இருந்தால், கண்ணாடியைத் தூக்கிப் போடும் முன் அதைத் தேடுங்கள். இருந்தால் பாலிஷ் போட்டு அதையே வைத்துக்கொள்வது லாபம்.

தேதி காட்டும் வாட்ச்சில் கண்ணாடியோடு சேர்ந்த பூதக்கண்ணாடி இருந்தால், அழுத்தும் முன் அது தேதி ஜன்னலுக்கு நேராக நிற்கிறதா என்று மேலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். உட்கார்ந்தபின் திருப்ப முயன்றால் ஓரம் கிழியும்.

அறிகுறி: சதுர வாட்ச், எந்த அளவும் கிடைக்கவில்லை

வட்டத்துக்கு அளவுப் பட்டியல் உண்டு. வடிவக் கண்ணாடிக்கு அது அவ்வளவாக உதவாது. நீளம், அகலம், மூலையின் வளைவு மூன்றையும் குறித்துக்கொண்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் பெரிய அக்ரிலிக்கை வாங்கி, 400 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடிப் பலகை மேல் விரித்து, ஓரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் குறைக்க வேண்டும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை கேஸில் வைத்துப் பாருங்கள். பக்கங்களை முதலில் முடித்து, மூலைகளைக் கடைசியில் தொடுங்கள். கேஸ் மணிக்கட்டுக்கு ஏற்ப வளைந்திருந்தால் கண்ணாடியும் அதே வளைவில் வாங்கியதாக இருக்க வேண்டும். தட்டைத் துண்டை வளைத்து ஒட்டினால் நாலு மூலையும் நாளடைவில் எழும்பிவிடும். அளவு எடுக்கக் கேஸைத்தான் வாட்ச் மெட்டீரியல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், மிஷினையும் டயலையும் வீட்டில் மூடி வைத்துவிட்டுப் போங்கள்.